கலைஞ்சதா, கலைச்சதா?

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, இரண்டு என் தங்கை பெற்று விட்டுவிட்டுப் போனது. ஆறும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. அதில் இரண்டு நின்றபடி என்னையே எதிர்த்துப் பேசுகின்றன.

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாவதோடு முடிந்தது. எழுத்துக் கூட்டுவேன். பஸ் போர்டில் சிதம்பரம், கடலூர் இரண்டையும் தூரத்திலிருந்தே படித்துவிடுவேன். என் வேலை முழுக்க அந்த இரண்டு ஊருக்கும் இடையில்தான் நடந்தது என்பதால் அதற்கு மேல் தேவைப்படவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே போட்டால் நன்றாக இருக்காதாம், புத்தகத் தமிழில் மாற்றுகிறாள். மாற்றிக்கொள், ஆனால் மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் உடம்பு பார்க்கிற வேலைக்குப் புதிதாகப் பெண்கள் வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, பெட்ஷீட்டை ஆள் படுத்திருக்கும்போதே மாற்றுவது இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப் போவது வேறு. வயிற்றில் இருக்கிற கரு நின்றுபோனால், அதை வெளியே கொண்டுவர மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள் என்று இப்போது பல டாக்டர்கள் அனுப்புகிறார்கள். அந்த வீட்டுக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். போய் என்ன செய்வீர்கள்? செய்கிற வேலை அங்கே குறைவு. இருக்கிற வேலைதான் ஜாஸ்தி.

சிதம்பரத்தில் நான் முதலில் சேர்ந்த நர்சிங் ஹோமில் ஒரு பெரிய சிஸ்டர் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கரு கலைந்த பெண்ணிடம் போய் எந்த ஆயாவாவது "போனா போவுது, வயசா இல்ல, அடுத்தது வரும்" என்று ஆறுதல் சொன்னால், அந்த ஆயாவை வெளியே கூப்பிட்டுப் பக்கெட் கழுவச் சொல்வார். ஏன் என்று சொல்ல மாட்டார். முதல் வருஷம் நான் நிறையப் பக்கெட் கழுவினேன். அவர் வாய்விட்டுச் சொன்ன பாடம் ஒன்றுதான். "நோவுல இருக்கிறவ கதவச் சாத்திக்கட்டும். தாப்பா மட்டும் போட வுடாத." அதை நான் கடைசி வரைக்கும் விடவில்லை.

இனி நெல்லிக்குப்பத்துப் பக்கம் நான் போன ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பவித்ரா என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள், அது அவள் பெயர் இல்லை. தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி வெகு நாள் கழித்துக் கரு தங்கியது. மூன்றாம் மாதம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. அது நின்று நாளாகிவிட்டது, உடம்புதான் இன்னும் விடவில்லை என்று கடலூர் டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். மயக்கம் கொடுத்துக் கிளீன் பண்ணிவிடலாம், இல்லையென்றால் வீட்டில் மாத்திரை. இவள் வீடு என்றாள். அம்மா இல்லாத பெண். கூட வேலை பார்க்கிற டீச்சர்தான் எனக்குப் போன் போட்டு வரச் சொன்னது.

முதல் மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மற்றதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய நாள் காலையில் நான் போய் இறங்கினேன். கரும்பு வெட்டு நடக்கிற சமயம். ரோட்டில் பாதி டிராக்டர், பாதி மாட்டு வண்டி.

"ஆஸ்பத்திரியில வேணாம்னியாமே கண்ணு, ஏன்?" என்று கேட்டேன்.

"மயக்கம் குடுத்து எழுப்பி, ஒண்ணும் இல்லன்னு சொல்லுவாங்க ஆயாம்மா. போனது எனக்கே தெரியாது. நான் முழிச்சிருந்து அனுப்பணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கெட் கழுவிய பழக்கம்.

பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்ப் பார்த்தேன். உள்ளே நல்ல கனமான தாழ்ப்பாள். அவள் வீட்டுக்காரனைக் கூப்பிட்டு ஸ்குரு டிரைவர் கொண்டுவந்து கழற்றச் சொன்னேன். அவன் நல்ல பையன், சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யத் தெரியாது. அவன் கழற்றிக்கொண்டிருக்கும்போது மாமியார் வந்து நின்றார்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் போன பிறகு தானே நின்று கரும்பு போட்டவர். வெட்டுகிற ஆளும் டிராக்டர்காரனும் அவர் குரல் கேட்டால் பீடியை மறைப்பார்கள். வீட்டுக்குள்ளும் அதே குரல்தான், தனியாகச் சின்னக் குரல் ஒன்று வைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா ஆயா, வந்ததும் வராததுமா என் வூட்டுத் தாப்பாவக் கழட்டுற? சாயந்தரம் கதவையும் பேத்து எடுத்துனு போவியா?"

"கதவு கனம்மா. தாப்பா போதும்" என்று சொல்லி அதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்குரு தொலையாமல் இருக்க.

அவர் முறைத்துவிட்டுப் போனார். ஆனால் வெந்நீர் கேட்பதற்கு முன்னால் வெந்நீர் வந்தது. ரசம் வந்தது. மருமகள் போர்த்திக்கொள்ள அவருடைய கம்பளி வந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, சில வீடுகளில் இந்த நாளில் மாமியார் பக்கத்திலேயே வர மாட்டார். இந்த அம்மாவுக்கு மனசு இருக்கிறது என்று நினைத்தேன். மனசு இருந்தது உண்மைதான். விஷயம்தான் அவரிடம் இல்லை.

மாத்திரை வைத்துக் கொஞ்ச நேரத்தில் வலி பிடித்தது. இது மாதவிடாய் வலி மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சில பேருக்குப் பிரசவ வலியில் பாதி வரும். டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைக் கொடுத்தேன், வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்தேன், முதுகை நீவினேன். மூடி போட்ட டப்பா ஒன்று கேட்டேன். மாமியார் ஐஸ்கிரீம் வாங்கிய டப்பா ஒன்றைக் கழுவிக் கொடுத்தார், எதற்கு என்று கேட்கவில்லை. அதைப் பவித்ராவிடம் கொடுத்து, "வர்றத இதுல புடிச்சிக்க. நீ பாக்கணும்னா பாரு. வேணாம்னா மூடி எங்கிட்ட குடு. தண்ணி ஊத்தி அனுப்பிட்டு அப்புறம் தேடக் கூடாது" என்றேன். தலையாட்டினாள்.

அவள் துடிப்பதைப் பார்க்க மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "என்னா மாத்திரையக் குடுத்தானுங்களோ, புள்ள இந்தப் பாடு படுது" என்று காலி அட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்குப் போனார். அக்கறையில்தான் போனார். அதை நீங்கள் மறக்கக் கூடாது.

திரும்பி வரும்போதே சத்தம் முன்னால் வந்தது. பவித்ரா அப்போது பாத்ரூமில் இருந்தாள்.

"டேய், மாத்திர போட்டா சரியாயிடும்னு சொன்னியே, கடக்காரரு இது கலைக்கிற மாத்திரைன்றாரு! உனக்குத் தெரியுமா தெரியாதா? ஏண்டி, எத்தினி கோயில் ஏறி எறங்கி வந்த புள்ளடி! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? என் வூட்டு வாரிசக் கலைச்சிட்டியேடி!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துடிப்பு நின்றதை அம்மாவிடம் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா, கருவைக் காப்பாற்ற மாத்திரை என்று நினைத்துக்கொண்டு வெந்நீர் போட்டிருக்கிறார். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் அதே மாத்திரைதான். தானாகப் போனால் கலைஞ்சது, போக வைத்தால் கலைச்சது. நடுவில் ஒரே ஒரு எழுத்து. மாத்திரைக்கு அந்த எழுத்துத் தெரியாது, அட்டையிலும் அது போட்டிருக்காது.

இனிமேல் நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும், வாசலிலேயே யாராவது ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். பிரஷர் அப்புறம் பார்க்கலாம்.

நான் அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். "இங்க பாருங்கம்மா, இது கலைச்சதில்ல..." அதற்கு மேல் போகவில்லை. பாத்ரூமில் சத்தம் இல்லை. வலியில் இருக்கிறவள் முனகுவாள், தண்ணீர் ஊற்றுவாள், ஏதாவது ஒன்று கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளினேன். திறந்தது. தாழ்ப்பாள் என் பையில்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. மடியில் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வந்துடுச்சு ஆயாம்மா. பாத்தேன். மூடிட்டேன்" என்றாள். "அத்தை சொன்னாங்களே, நான் கலைச்சிட்டேனா?"

"அதெல்லாம் அப்புறம். எழுந்திருக்க முடியுதா பாரு."

முடியவில்லை. வர வேண்டியது வந்த பிறகு ரத்தம் குறைய வேண்டும். இவளுக்குக் குறையவில்லை. மாற்றிய பேடு ஒரு மணி நேரம் தாங்காமல் நனைந்திருந்தது, அதற்கு முந்தையதும் அப்படித்தான். டாக்டர் அம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: அடுத்தடுத்து அப்படி நனைந்தாலோ, தலை சுற்றினாலோ, யோசிக்காதே, வந்துவிடு. யோசிக்காதே என்று சொன்ன இடத்தில் யோசிக்கக் கூடாது. எதிர்வீட்டு ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லி அவள் வீட்டுக்காரனை விரட்டினேன். டாக்டருக்குப் போன் போட்டு வருகிறோம் என்று சொல்லச் சொன்னேன்.

அவளைக் கைத்தாங்கலாகக் கூடத்துக்குக் கொண்டுவந்தால், மாமியார் வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எங்க இட்டுனு போற? கலைச்சவளத் தெருவுல ஊர்கோலம் வுடப் போறியா? என் மானம் போறதுக்கா? உள்ள படுக்க வையி, நிக்கும். நாங்கல்லாம் பாக்காத ரத்தமா?"

பெண்களே, இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்வார்கள். அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல நிற்பார்கள். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது வாய் சும்மா இருக்காது. ஆனால் நியாயம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ரத்தம் காத்திருக்காது. அந்த அம்மாவின் கோபத்தை நான் அணைக்கப் பார்க்கவில்லை. அதையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

"யம்மா, நீங்க திட்ட வேண்டியது இன்னும் நெறைய இருக்கு, நான் குறுக்க வரல. ஆனா திட்டு வாங்கறதுக்கு ஆளு இருக்கணும்ல? இப்பப் போனா இருப்பா. பேசாம நீங்களும் ஆட்டோவுல ஏறுங்க. வழியெல்லாம் திட்டினு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மருமகளின் உதட்டைப் பார்த்தார்.

"வராம? சும்மா வுட்டுடுவேனா?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

முன்னால் டிரைவர் பக்கத்தில் மகன் தொற்றிக்கொண்டான். பின்னால் நாங்கள் மூன்று பேர், பவித்ரா தலை என் தோளில், கால் மாமியார் மடியில். டப்பா என் பையில், தாழ்ப்பாளோடு. வண்டி கிளம்பியதும் நான் நீட்டாமல் சொன்னேன். "துடிப்பு நின்னு நாளாயிடுச்சும்மா. ஸ்கேன்ல பாத்துட்டாங்க. நின்னது உள்ளயே இருந்தா இவளுக்கு ஆவாது. அத வெளிய அனுப்பத்தான் மாத்திர."

மகன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "நான்தாம்மா உங்கிட்ட சொல்லல. ரெண்டு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. நீ அப்பக் கொழந்தைக்கு இன்னா பேரு வைக்கலாம்னு யோசன பண்ணினு இருந்த."

வழியெல்லாம் திட்டலாம் என்று நான் கொடுத்த அனுமதியை மாமியார் பயன்படுத்தவே இல்லை. மருமகளின் பாதம் சில்லென்று இருந்திருக்க வேண்டும், முந்தானையால் சுற்றித் தேய்த்துக்கொண்டே வந்தார்.

சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோடு முனையில் வண்டி நின்றது. கரும்பு டிராக்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டு வரிசை போட்டு ரோட்டையே அடைத்திருந்தன. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். முன்னால் இருந்த டிராக்டரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தான். மகன் இறங்கிப் போய், "அண்ணே, கொஞ்சம் வழி, அவசரம்ணே" என்று கெஞ்சினான். "எல்லாருக்கும் அவசரந்தான்பா, நான் நேத்துல இருந்து நிக்கிறேன்" என்றான் ஒருவன்.

மாமியார் பவித்ராவின் காலை மெதுவாக என் மடிக்கு மாற்றிவிட்டு இறங்கினார். அவரைப் பார்த்ததும் இரண்டு பேர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"இன்னாக்கா, ஆட்டோவுல? கரும்பு வெட்ட ஆலையில கட்டிங் ஆர்டர் வாங்கப் போறியா?"

"டேய்! என் மருமவளுக்குப் புள்ள கலைஞ்சி போச்சுடா! ரத்தம் நிக்கல, உசுரு போவுது! எறக்குடா வண்டியச் சேத்துல! பாட்ட நிறுத்துடா!"

அந்தக் குரல் கரும்புக் காட்டில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்ப் பழகியது. ரோட்டில் அது இன்னும் நன்றாகப் போயிற்று. பாட்டு நின்றது. ஒரு டிராக்டர் இன்ஜின் போட்டு ஓரத்துச் சேற்றில் இறங்கியது, அதன் பின்னால் அடுத்தது. கட்டு அவிழ்ந்து கொஞ்சம் கரும்பு விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. எங்கள் ஆட்டோ போகிற வரைக்கும் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள்.

யாருக்கும் தெரியக் கூடாது என்று வாசலை அடைத்தவர், ஊரில் பாதிப் பேருக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். காலை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

பவித்ரா கண்ணைத் திறக்காமல் என் காதில் கேட்டாள். "ஆயாம்மா, அத்தை என்னா சொன்னாங்க?"

"கலைஞ்சி போச்சுன்னாங்க."

"நல்லாக் கேட்டீங்களா?"

"ஆலைக்குள்ள வரைக்கும் கேட்டிருக்கும்."

அந்த அம்மா நம்பிச் சொன்னாரா, கலைச்சது என்றால் எவனும் வழி விட மாட்டான் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. எது என்றாலும் டிராக்டர் நகர்ந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வாசலில் எழுதிக்கொண்டிருந்த சின்ன சிஸ்டர் வேலை மும்முரத்தில், "மாத்திர போட்டுக் கலைச்சதாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"இந்தாம்மா, பாத்துப் பேசு" என்றார் மாமியார். "கலைஞ்சது. சரியா எழுது."

இங்கே யாரிடமும் வழி கேட்கிற அவசியம் எதுவும் இல்லை. அப்படியும் அதையே சொன்னார், எனக்கு அது போதும்.

உள்ளே கொஞ்சம் தங்கிவிட்டதுதான் ரத்தம் நிற்காததற்குக் காரணமாம். கிளீன் பண்ணினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மாத்திரை தவறு இல்லை, சில பேருக்கு இப்படி ஆகும், நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர் அம்மா. வீட்டில் வைத்துக்கொண்ட எத்தனையோ பெண்களுக்கு ஒன்றும் ஆகாமல் முடிந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் பயப்படாதீர்கள். வாசலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வண்டி கிடைக்கும் என்பது மட்டும் எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கேட்டார். "ஏன் ஆயா, முன்னாடியே சொல்லியிருந்தா நான் இன்னா, வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க."

யோசித்தார். "ஆமா. இன்னொரு ஸ்கேன் பாருன்னு சொல்லியிருப்பேன். சாமி கும்புட்டுப் பாக்கலாம்னு இழுத்திருப்பேன்." பிறகு கையை நீட்டினார். "அந்த டப்பாவக் குடு."

டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, பவித்ரா கேட்டதால் திருப்பிக் கொடுத்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டார். "என் நெலத்துலயே ஒரு எடம் பாக்கறேன். அவ வந்து எங்கன்னு கேட்டா காட்டணும்ல" என்றார். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கெட் இல்லைதான். இருந்தாலும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார். எடுத்தவுடன், "ஆயா, என் தாப்பா எங்க?" என்றார். அது என் பையிலேயே சிதம்பரம் வந்துவிட்டிருந்தது.

"அவ குளிக்கப் போனா நான் வெளியில காவல் ஒக்காந்துனு கெடக்குறேன். இடுப்பு நோவுது. சீக்கிரம் குடுத்தனுப்பு."

"இன்னும் கொஞ்ச நாளு ஒக்காருங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். தாழ்ப்பாளை உடனே அனுப்பவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பாப்பா, எழுதியதைப் படித்துக் காட்டு. எல்லாம் வேண்டாம், நான் சொன்னது எனக்குத் தெரியும். டிராக்டர்காரர்களிடம் அந்த அம்மா கத்துகிற இடம் இருக்கிறதே, அதை மட்டும் படி. அங்கே ஞ் போட்டாயா, ச் போட்டாயா? முணுமுணுக்காதே. அவர் சொன்ன மாதிரி, சத்தமாகப் படி.